சேதி எங்கே இருக்கு? ஸோமாலி மொழியின் ஒரு சின்ன இடைச்சொல்லும் அதன் நீண்ட வரலாறும்

ஒரு மொழியின் வயதைப் பற்றிக் கதை வந்தால் எங்கட ஆக்கள் உடனே சான்று கேட்பினம். கல்வெட்டு இருக்கா, பானையோடு இருக்கா, ஓலைச்சுவடி இருக்கா? எழுத்து இருந்தால் வரலாறு இருக்கு. எழுத்து இல்லாட்டில் அந்த மொழி நேற்றுத்தான் பிறந்தது என்ற மாதிரி ஒரு பேச்சு. இந்த அளவுகோலை ஆபிரிக்காவின் கொம்புக்குக் கொண்டுபோனால் ஸோமாலி மொழிக்கு ஐம்பது சொச்சம் வயசுதான் வரும். அந்த மொழிக்கு அரசாங்கம் ஓர் எழுத்தைத் தெரிவுசெய்து அறிவித்தது 1972 ஒக்டோபர் 21இல்.

ஆனால் ஸோமாலி பேசிற ஒருவர் 'அலி தேத்தண்ணி கொண்டுவந்தான்' எண்ட சின்ன விசயத்தைச் சொல்ல வாய் திறந்தாலே, அந்த எழுத்துக்கு வெகுகாலம் முந்தின ஒரு சான்று வெளியில வரும். அது 'பா' எண்ட ஒரே ஒரு இடைச்சொல். அந்தச் சொல் என்ன செய்யுது, எங்கேயிருந்து வந்தது, அதை ஆர் கண்டுபிடிச்சினம் எண்ட மூன்று கதைகளைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறம். கடைசியில் அது மொழி அரசியலிலும் போய் முடியும்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். ஸோமாலி, ஆபிரோ-ஆசிய மொழிக்குடும்பத்தின் குஷித்திக் கிளையைச் சேர்ந்தது. ஒரோமோவும் அஃபாரும் அதன் நெருங்கிய சொந்தம். அரபு, ஹீப்ரு, பழைய எகிப்திய மொழி எல்லாம் தூரத்துச் சொந்தம். ஸோமாலியா, ஸோமாலிலாந்து, ஜிபூத்தி, எதியோப்பியாவின் ஸோமாலி மாநிலம், கென்யாவின் வடகிழக்கு என்று பல எல்லைகளைத் தாண்டிப் பேசப்படுது. கவிதைக்குப் பேர்போன மொழி. நூற்றுக்கணக்கான அடிகள் கொண்ட கவிதைகளை மனப்பாடமாக ஊர் ஊராகக் கொண்டுபோன சமூகம் அது.

தேத்தண்ணி கொண்டுவந்தது ஆர்?

ஸோமாலியில் தேத்தண்ணிக்கு 'ஷாஹ்' எண்டு பேர். 'கேனய்' எண்டால் கொண்டுவந்தான். அலி எங்களுக்குத் தெரிஞ்ச அலிதான். உதாரணங்களுக்குள்ள போக முதல் ஒரு குறிப்பு: 'பா'வில் இருக்கிற பகரத்தை 'பஸ்'ஸில் வாற பகரம் மாதிரி உச்சரிக்க வேணும். சரி, இந்த நாலு வாக்கியங்களையும் பாருங்கோ.

அலி பா ஷாஹ் கேனய்.
அலி ஷாஹ் பூ கேனய்.
அலி ஷாஹ் வூ கேனய்.
அலி வுஹூ கேனய் ஷாஹ்.

நாலிலும் நடந்த சம்பவம் ஒண்டுதான். வித்தியாசம், கேட்கிறவருக்கு எது புதுச் சேதி என்பதில் இருக்கு. முதலாவதில் சேதி அலி. தேத்தண்ணி வந்தது எல்லாருக்கும் தெரியும், ஆர் கொண்டுவந்தது எண்டதுதான் கேள்வி. இரண்டாவதில் சேதி தேத்தண்ணி. அலி எதையோ கொண்டுவந்தது தெரியும், என்னத்தை எண்டு தெரியாது. அங்கே 'பூ' எண்டு வாறது 'பா'வும் 'அவன்' எண்ட பொருளுள்ள 'ஊ'வும் ஒட்டினது. மூன்றாவதில் 'வா' எண்ட வேறொரு இடைச்சொல் அதே 'ஊ'வோடு சேர்ந்து 'வூ' ஆகுது. அங்கே பாரம் வினையில் விழுது: கொண்டுவந்தான், விசயம் முடிஞ்சுது. நாலாவது, 'அலி கொண்டுவந்தது என்னெண்டால், தேத்தண்ணி' எண்ட மாதிரி. சேதியைக் கடைசி வரைக்கும் பிடிச்சு வைச்சு விடுறது.

'அயா' எண்டு இன்னொரு சொல்லும் இருக்கு. அது பெரும்பாலும் 'பா' செய்யிற அதே வேலையைத்தான் செய்யுது.

சரி, இந்தச் சொற்கள் ஒண்டுமே இல்லாமல் 'அலி ஷாஹ் கேனய்' எண்டு சும்மா சொல்ல ஏலாதா? ஏலாது. பழமொழி, கவிதை மாதிரியான இடங்களை விட்டால், சாதாரணப் பேச்சில் அது முழு வாக்கியமாக நிற்காது. 'தேத்தண்ணி கொண்டுவந்த அலி…' எண்டு பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும். கட்டளை வாக்கியத்துக்கும், இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிற சின்ன வாக்கியங்களுக்கும் இந்தச் சொற்கள் தேவையில்லை. ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு சேதி சொல்லுறதெண்டால், அந்த வாக்கியத்தில் சேதி எங்கே இருக்கு எண்டு குறிச்சுக் காட்டியே ஆக வேணும்.

கேள்விக்கும் இதே சட்டம். 'யா ஷாஹ் கேனய்?' எண்டால் 'ஆர் தேத்தண்ணி கொண்டுவந்தது?' அந்த 'யா'வுக்குள்ளேயும் 'பா' ஒளிஞ்சிருக்கு, பகரம் மட்டும் தேய்ஞ்சு போச்சு. அந்தக் கேள்விக்கு 'அலி பா' எண்டு தொடங்கித்தான் மறுமொழி சொல்ல வேணும். 'வூ' போட்டுச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கேட்டது ஒண்டு சொன்னது ஒண்டு எண்டு கேட்டவர் முகத்தைப் பார்ப்பார்.

இது எங்கட 'தான்' மாதிரியோ எண்டு நீங்கள் நினைக்கலாம். கிட்டத்தட்ட. தமிழ் இலக்கணகாரர் இதை மிகப் பழங்காலத்திலேயே கவனிச்சிருக்கினம். தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்குச் சொல்லுற பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் இருக்கு. 'அவனே வந்தான்', 'அவன்தான் வந்தான்' எண்டு நாங்களும் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டுறம். ஆனால் எங்களுக்கு அது விருப்பம். வேணுமெண்டால் போடலாம், இல்லாட்டில் 'அலி தேத்தண்ணி கொண்டுவந்தான்' எண்டு சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். மற்றது, 'அலிதான்' எண்டால் 'வேற ஆரும் இல்லை' எண்ட அழுத்தம் சேர்ந்து வரும். ஸோமாலியின் 'பா'வுக்கு அவ்வளவு அழுத்தம் கட்டாயமில்லை. இதுதான் சேதி எண்டு விரல் காட்டுறதோடு அதன் வேலை முடிஞ்சுது.

இரண்டாக இருந்த வாக்கியம்

இப்ப வரலாறு. 'பா' எண்ட சொல் எங்கேயிருந்து வந்தது? பழைய ஸோமாலி நூல்களைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. ஆனால் இன்றைய வாக்கியத்துக்குள்ளேயே மூன்று தடயங்கள் கிடக்கு.

முதலாவது, வினையில். ஸோமாலியில் வினைச்சொல் தமிழ் மாதிரியே ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். 'அந்த ஆம்பிளையள்' என்பதற்கு 'நிமன்கீ' எண்டு சொல்லுவினம். 'நிமன்கீ வய் கேனேன்' எண்டால் அவர்கள் கொண்டுவந்தார்கள். பன்மை, அதால 'கேனேன்'. ஆனால் அவர்களையே சேதியாக்கி 'பா' போட்ட உடனே வாக்கியம் 'நிமன்கீ பா கேனய்' எண்டு மாறுது. ஆக்கள் பலபேர், வினை மட்டும் ஒருமை மாதிரி நிக்குது. இறந்தகாலத்தில் சாதாரணமாக ஐந்து வடிவம் எடுக்கிற இந்த வினை, எழுவாய்க்குப் பக்கத்தில் 'பா' வந்தால் மூன்று வடிவமாகச் சுருங்கிப் போகுது.

இதே சுருக்கம் ஸோமாலியில் இன்னோரிடத்திலும் வரும். 'கொண்டுவந்த ஆம்பிளையள்' எண்டு சொல்ல 'நிமன்கீ கேனய்' எண்டுதான் சொல்லுவினம். எங்கட பள்ளிக்கூட இலக்கணத்தில் பெயரெச்சம் எண்டு படிச்சமே, அதன் வேலையைச் செய்யிற இடம். தமிழிலும் பாருங்கோ: 'ஆக்கள் கொண்டுவந்தினம்' என்பதில் வினை பன்மை காட்டுது, 'கொண்டுவந்த ஆக்கள்' என்பதில் 'கொண்டுவந்த' ஒருமையும் காட்டாது பன்மையும் காட்டாது. அப்போ 'நிமன்கீ பா கேனய்' என்பதில் இருக்கிற வினை, உண்மையில் ஒரு பெயரெச்சத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்குது.

இரண்டாவது தடயம், பெயரில். 'அந்த மனிசன்' எழுவாயாக வந்தால் 'நின்கு' எண்டு ஈறு மாறும். 'நின்கு ஷாஹ் வூ கேனய்'. ஆனால் 'பா' போட்டால் 'நின்க பா ஷாஹ் கேனய்'. செய்தவர் அவர்தான், ஆனால் எழுவாய்க்குரிய உகரம் அவருக்குக் கிடைக்கேல்லை.

மூன்றாவது, 'அவன்' எண்ட சின்னச் சொல்லில். தேத்தண்ணி சேதியாக இருந்தபோது 'பூ' எண்டு 'அவன்' வந்து ஒட்டினது. அலி சேதியாக இருக்கேக்க வெறும் 'பா' மட்டும்தான். பெயரெச்சத்திலும் இதே கதை: செய்தவரையே விவரிக்கேக்க 'அவன்' வராது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கும். வெகுகாலத்துக்கு முந்தி 'அலி பா ஷாஹ் கேனய்' எண்டது ஒரு வாக்கியமாக இருக்கேல்லை, இரண்டாக இருந்திருக்கு. 'அலி அது' எண்டு ஒண்டு. 'தேத்தண்ணி கொண்டுவந்த ஆள்' எண்டு இன்னொண்டு. இரண்டையும் சேர்த்து 'தேத்தண்ணி கொண்டுவந்த ஆள் அலி' எண்ட அமைப்பு. சேதியை அழுத்திச் சொல்ல விரும்பினவர்கள் இந்த இரட்டை வாக்கியத்தை அடிக்கடி பாவிச்சிருப்பினம். அடிக்கடி பாவிச்ச பொருள் தேயும். நடுவில் இருந்த மூட்டு தேய்ஞ்சு இடைச்சொல்லாகி, இரண்டு ஒண்டாகிப் போச்சு. ஆனால் வினையும் பெயரும் பழைய உடுப்பை இன்னும் கழற்றேல்லை. 'பா'வின் மூலச்சொல் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கு. உடைஞ்சு ஒட்டின அந்த இரட்டை வாக்கியத்தைப் பற்றின சான்று மட்டும், மூன்று பக்கத்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வருது.

இதுக்கு உயிரோடு இருக்கிற ஒரு சாட்சியும் உண்டு: அந்த நாலாவது வாக்கியம். அதில் வாற 'வுஹூ'வைப் பிரிச்சால் 'வஹா' வரும். அதன் அடி 'வஹ்'. 'வஹ்' எண்டால் ஸோமாலியில் சாமான், பொருள். அப்போ 'வஹா' எண்டது 'அந்தச் சாமான்'. 'அலி கொண்டுவந்த சாமான், தேத்தண்ணி.' மூட்டு இன்னும் கண்ணுக்குத் தெரியுது. ஆனால் இதுவும் தேயத் தொடங்கிவிட்டுது. 'எனக்குத் தேத்தண்ணி வேணும்' எண்டு சாதாரணமாகக் கேட்கிறவர்கூட 'வஹான் ரபா ஷாஹ்' எண்டு சொல்லுவார். 'நான் விரும்புற சாமான்…' எண்டு ஆரும் அதைப் பிரிச்சு யோசிக்கிறதில்லை. ஆளைக் குறிக்கேக்கயும் இதே 'வஹா'தான் வரும். 'வஹா ஷாஹ் கேனய் அலி' எண்டால் கொண்டுவந்தது அலி, அலியை ஆரும் சாமான் எண்டு நினைக்கிறதில்லை. முந்தி 'பா'வுக்கு நடந்தது இப்ப 'வஹா'வுக்கு எங்கட கண்ணுக்கு முன்னால நடக்குது.

எங்கட வீட்டுப் பக்கமும் ஒருக்கா

இந்த வித்தை எங்களுக்குப் புதுசில்லை. 'நீங்கள் வந்தது எப்ப?', 'நான் தேடினது உன்னை', 'அவை இருக்கிறது வவுனியாவில' எண்டு நாங்கள் தினமும் கதைக்கிறம். வினையைப் பெயராக்கி ஒரு பக்கத்தில் வைச்சு, சேதியை மற்றப் பக்கத்தில் வைக்கிறம். ஸோமாலியின் பழைய இரட்டை வாக்கியமும் இந்த மாதிரித்தான்.

சிங்களத்தில் இது இன்னும் ஒருபடி மேல. 'மம யாப்பனேட்ட கியா' எண்டால் நான் யாழ்ப்பாணத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்தைச் சேதியாக்கினால் 'மம கியே யாப்பனேட்ட'. வினையின் முடிவே மாறிவிடுது. 'ஓயா யன்னே கொஹேத?' எண்டு எங்கே போறாய் எண்டதைக் கேட்கேக்கயும் அந்த மாறின வினைதான் வரும். கேள்விச்சொல்லும் சேதி அடையாளமும் கைகோத்துப் போகிற இந்தப் பழக்கத்தை ஸோமாலியிலும் பார்த்தம். அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் கெயர் சிங்களத்தின் இந்த வாக்கிய அமைப்பை நீண்டகாலம் ஆராய்ஞ்சவர். தமிழ் போன்ற திராவிட மொழிகளோடு பழகினதால் வந்த அமைப்பைச் சிங்களம் தன்னுடைய இலக்கணமாகவே ஆக்கிக்கொண்டது என்பது அவருடைய வாதம். இந்தத் தீவில் இரண்டு மொழிகளும் எவ்வளவு காலம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வாக்கியத்தின் எலும்புக்கூடு வரைக்கும் கைமாறியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கல்வெட்டை வைச்சு அடிபடுற ஆக்கள் இந்தச் சான்றைக் கண்டுகொள்ளுறதில்லை.

ஸோமாலிக்கும் எங்களுக்கும் மொழிக்குடும்பச் சொந்தம் கிடையாது. ஒரே தேவை வெவ்வேறு இடங்களில் ஒரே மாதிரியான வழியைத் தேடிப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

எழுதினால் காணாமல்போற சொல்

அடுத்த கதை, இந்தச் சொல்லை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்ச கதை.

ஸோமாலி பற்றி ஐரோப்பியர் எழுதின முதல் இலக்கண நூல்களில் ஒன்று 1880இல் பம்பாயில் அச்சானது. எழுதினவர் ஹண்டர் என்ற பிரித்தானிய அதிகாரி, ஏடனில் பணியில் இருந்தவர். அந்தக் காலத்தில், ஸோமாலிக் கரைக்கு எதிர்க்கரையான ஏடன் பிரித்தானிய இந்தியாவின் கண்காணிப்பில் இருந்தது. 1905இல் கேம்பிரிட்ஜில் கேர்க் என்ற இராணுவக் கப்டனின் இலக்கணம் வந்தது. அதே காலத்தில் வியன்னாவில் லியோ ரைனிஷ் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். அதிகாரிக்கு வரி வாங்க, படைக்குக் கட்டளையிட, மிஷனரிக்குப் போதிக்க மொழி தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு வேண்டின வேற்றுமை அட்டவணையும் வினை அட்டவணையும் இந்த நூல்களில் நிறைய இருக்கு.

'பா'வை இவர்கள் காணாமல் இருந்திருக்க ஏலாது, இரண்டு வாக்கியத்துக்கு ஒருக்கா அது வரும். ஆனால் லத்தீன் இலக்கணத்தின் பெட்டிகளில் அதை எந்தப் பெட்டியில் போடுறது? அது வேற்றுமை உருபும் இல்லை, வினையும் இல்லை. இன்னொரு சிக்கல் மொழிபெயர்ப்பில். நாங்கள் மேல பார்த்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் ஒரே வாக்கியமாகிவிடும். ஆங்கிலம் பேசேக்க குரலை உயர்த்திச் சேதியைக் காட்டும், எழுத்தில் அது தெரியாது. ஸோமாலி சொல்லாகச் சொன்னது, கடதாசியில் ஆங்கிலமாக இறங்கேக்க காணாமல் போகும்.

காதால் கேட்கத் தொடங்கின பிறகுதான் நிலைமை மாறியது. அதில் இரண்டு பேரைச் சொல்ல வேணும். ஒருவர் போகுமில் அந்த்ரேயெவ்ஸ்கி, போலந்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் டோப்ருக்கில் சண்டையிட்டவர், பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் ஸோமாலி படிப்பிச்சவர். மற்றவர் மூசா ஹாஜி இஸ்மாயில் கலால், கவிதையும் கதையும் வானசாத்திர அறிவும் கரைச்சுக் குடிச்ச ஸோமாலி அறிஞர். 1956இல் கலாலின் கதைத் தொகுப்பை அந்த்ரேயெவ்ஸ்கி பதிப்பித்தார். இரண்டு பேருமாகப் பேச்சைப் பேச்சாகவே, குரலின் ஏற்ற இறக்கத்தோடு பதிவுசெய்தார்கள். எழுவாய் வேற்றுமையைச் சில சொற்களில் குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே காட்டுது எண்டதெல்லாம் இந்த மாதிரிக் கேட்டதால்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

1965இல் ரொபர்ட் ஹெட்ஸ்ரொன் ஒரு முழு ஆய்வுக் கட்டுரையையே 'பா'வுக்காக எழுதினார். 1971இல் மொஸ்கோவில் அலெக்ஸாண்டர் ஷோல்கோவ்ஸ்கியின் ஸோமாலி வாக்கியவியல் நூல் வந்தது. 1975இல் அந்த்ரேயெவ்ஸ்கி இந்த இடைச்சொற்களை ஒரு கூட்டமாக எடுத்து, வாக்கியத்தில் எது முக்கியம் எண்டு சுட்டுற சொற்கள் இவை எண்டு விளக்கினார். 1984இல் ஜோன் சயீட் சேதியும் பேசுபொருளும் ஸோமாலி வாக்கியத்தில் எப்படி அமையுது எண்டு தனி நூலே எழுதினார். பம்பாய் இலக்கணத்தில் இருந்து இந்த இடத்துக்கு வர நூறு வருசத்துக்கு மேல எடுத்திருக்கு. ஒரு ஸோமாலிக் குழந்தை பள்ளிக்கூட வயசுக்கு முதலே பிழையில்லாமல் செய்யிற காரியம் அது.

எழுத்து வந்த வருசங்கள்

ஸோமாலிகள் எழுதவே இல்லை எண்டு நினைக்கக் கூடாது. மார்க்க அறிஞர்கள் அரபு எழுத்தில் ஸோமாலியை எழுதிப் பழகியிருந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் ஒஸ்மான் யூசுப் கெனதீத், ஹோபியோ சுல்தான் குடும்பத்தைச் சேர்ந்தவர், முற்றிலும் புது எழுத்து ஒன்றை உருவாக்கினார். அதுக்கு அவர் பேரிலேயே 'ஒஸ்மானியா' எண்டு பேர். பிறகு போராமாவில் ஒரு எழுத்து, 1952இல் கத்தாரே உருவாக்கின இன்னொரு எழுத்து. 1960இல் பிரித்தானியப் பகுதியும் இத்தாலியப் பகுதியும் சேர்ந்து சுதந்திர நாடானபோது, வானொலியில் ஸோமாலி, அலுவலகத்தில் ஆங்கிலமும் இத்தாலியனும், பள்ளிவாசலில் அரபு எண்ட நிலை. எந்த எழுத்தைத் தெரிவு செய்யிறது எண்டதில் சமயமும் குலமும் குறுக்கே நின்றன. அரபு எழுத்துத்தான் வேணும் எண்டு ஒரு சாரார். ஒஸ்மானியா ஒரு குலத்தின் எழுத்து எண்டு இன்னொரு சாரார். 1966இல் அந்த்ரேயெவ்ஸ்கி தலைமையில் வந்த யுனெஸ்கோ குழு லத்தீன் எழுத்தைப் பரிந்துரைத்தும் பாராளுமன்ற அரசுகள் துணியவில்லை.

துணிஞ்சது இராணுவம். 1969 ஒக்டோபரில் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே, மூன்றாவது ஆண்டு நிறைவில் லத்தீன் எழுத்தை அறிவித்தார். அதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. புள்ளியோ கொம்போ தேவையில்லாமல் சாதாரணத் தட்டச்சு இயந்திரத்திலேயே அடிக்கலாம். 'அலி'யின் முதலில் தொண்டைக்குள் இருந்து வாற ஒலிக்கு 'சி' எண்ட ஆங்கில எழுத்தையும், 'வஹ்'இல் வாற ஹகரத்துக்கு 'எக்ஸ்' எண்ட எழுத்தையும் வைச்சினம். 1973 ஜனவரியில் ஸோமாலி நாளிதழ் வந்தது. 1974இல் இடைநிலைப் பள்ளிகளை ஒரு வருசம் மூடி, மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 25,000 பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 'தெரிஞ்சால் படிப்பி, தெரியாட்டில் படி' எண்டது அந்த இயக்கத்தின் சாரம். ஒட்டகம் மேய்க்கிறவர்களோடு கரும்பலகையும் நடந்தது.

பள்ளிக்கூடப் பாடநூல் ஸோமாலியில் வந்தால் இலக்கணக் கலைச்சொல்லும் ஸோமாலியில் வேணும். 'பா', 'அயா' போன்ற சொற்களுக்கு அவர்கள் வைச்ச பேர் 'தீரதேயே'. 'தீரத்' எண்டால் தூரத்தில் இருக்கிறதைக் கிட்டவாக்கிக் காட்டுற கண்ணாடிக் கருவி, பைனாகுலர். அப்போ 'தீரதேயே' எண்டால், கருவியை ஒரு இடத்துக்குத் திருப்பிக் குவிக்கிறது. வெளியில இருந்து வந்த அறிஞர்கள் நூறு வருசமாகப் பேர் வைக்கக் கஷ்டப்பட்ட சொல்லுக்கு, ஒட்டகத்தைத் தூரத்தில் தேடுற மக்கள் இப்படியொரு பேரை வைச்சினம்.

'என்ன சொன்னாய்?' எண்ட பேரில் ஒரு மொழி

ஆனால் அந்தக் கருவி எல்லாப் பக்கமும் திரும்பேல்லை.

ஸோமாலியில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. ஒன்றுக்கு 'மஹா திரி' எண்டு பேர், மற்றதுக்கு 'மாய் திரி'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: 'என்ன சொன்னாய்?' ஒரு பக்கத்து ஆக்கள் 'என்ன' என்பதற்கு 'மஹா' எண்டு சொல்லுவினம், மற்றப் பக்கத்தார் 'மாய்' எண்டு சொல்லுவினம். அந்த வேறுபாடே பேராகிவிட்டது. அந்த 'மஹா'வைப் பிரிச்சால் 'மஹ்' எண்ட கேள்விச்சொல்லும் எங்கட பழைய 'பா'வும் வரும். வெளியில இருந்து பேர் வைச்ச மாதிரி இல்லாமல், தன் சேதிக்குறியையே பேரில் சுமக்கிற மொழி.

1972இல் எழுத்தும் அரச அந்தஸ்தும் கிடைச்சது 'மஹா திரி' பக்கத்துக்குத்தான். ஜூப்பா, ஷபெல்லே ஆறுகளுக்கு நடுவில், பைதோவாவைச் சுற்றி வாழுற, பெரும்பாலும் கமக்காரரான மாய் பேசிற மக்கள், தங்கட பேச்சு வேறு எண்டு தெரிஞ்சும் பள்ளிக்கூடத்தில் மற்றதைப் படிக்க வேண்டி வந்தது. 'ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம்' எண்டு ஆபிரிக்காவிலேயே அபூர்வமான நாடாக ஸோமாலியாவை வெளியுலகம் புகழ்ந்த காலம் அது. அந்தப் புகழுக்குள் இந்த மக்கள் காணாமல் போச்சினம். அந்தப் புகழ் நாட்டையும் காப்பாற்றேல்லை. மொழிக்கு எழுத்துத் தந்த அதே அரசு 1988இல் தன் சொந்த நகரமான ஹர்கெய்ஸாவின்மீது குண்டு போட்டது. 1991 ஜனவரியில் அந்த அரசும் விழுந்தது. 2012இன் தற்காலிக அரசியலமைப்பு உத்தியோக மொழி ஸோமாலி எண்டு சொல்லி, மாயையும் மஹா திரியையும் இரண்டையும் பேர் சொல்லி எழுதியது. இந்த வசனத்தின் பாரம் எங்கட நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எழுத்து ஒரு மொழிக்குப் பெரிய பலம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத்து வரும்போது ஒரு பேச்சுத்தான் எழுத்தாகும், மற்றப் பேச்சுகள் ஓரமாகும். எழுத்தை மட்டுமே சான்றாக எடுத்தால் ஓரமானவர்களுக்கு வரலாறே இல்லை எண்டாகும். 'பா' எங்களுக்குக் காட்டுறது வேறொரு வகையான சான்று. எந்த அரசும் பொறிக்காத, எந்த அரசும் அழிக்க ஏலாத சான்று. ஓர் ஆட்டிடையனின் வாக்கியத்திலும் அது இருக்கும். மாய் பேசிற ஒரு கமக்காரரின் வாக்கியத்துக்குள் என்ன இருக்கு எண்டு கேட்கிறதுக்கும் அதே காதுதான் தேவை. எங்கட பக்கத்தில், புத்தகத் தமிழில் இடம் கிடைக்காத மட்டக்களப்புப் பேச்சையோ மலையகப் பேச்சையோ 'கொச்சை' எண்டு தள்ளுற ஆக்களைக் கண்டால், அந்தப் பேச்சுக்குள் எத்தனை இரட்டை வாக்கியங்கள் ஒட்டிக் கிடக்கு எண்டு எண்ணிப் பார்த்தீர்களோ எண்டு கேளுங்கோ.

நேரம் கிடைச்சால் யூடியூப்பில் ஒரு ஸோமாலிச் செய்தி அறிக்கையைப் போட்டு ஐந்து நிமிசம் கேளுங்கோ. ஒண்டும் விளங்காது. ஆனால் 'வஹா', 'அயா', 'பா' மூன்றும் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒவ்வொருமுறை விழேக்கயும், 'இஞ்சை பார், சேதி இதுதான்' எண்டு அவர் உங்களுக்குச் சொல்லுறார் எண்டது மட்டும் உங்களுக்குத் தெரியும்.